இடது பக்கக் கம்பி

ஹஸ்மி முற்றத்து மணலில் மல்லாக்கப் படுத்து, டோர்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு, கைதவறி விழுந்த ஒரு நட்டை ஸ்கூட்டரின் வயிற்றுக்குள் தேடிக்கொண்டிருந்தான். விரல் போகும் இடத்தில் நட் இல்லை, நட் இருக்கும் இடத்தில் விரல் போகவில்லை. சமையலறை வாசலில் கதிரையைப் போட்டு, இடது காலை முக்காலியில் நீட்டி வைத்தபடி, பஸீஹா மருதோண்டிக் கோன்களை ஒவ்வொன்றாக நிரப்பி முனையை மடித்து ஒட்டிக்கொண்டிருந்தாள். இன்று ஜும்ஆவுக்குப் பிறகு அவள் கற்பிட்டி ரோட்டிலுள்ள எத்தாளைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு மணப்பெண்ணின் இரண்டு கைகளும் இரண்டு கால்களும் அவளுக்காகக் காத்திருந்தன. இந்த முறை தனியாகப் போவதென்று அவள் சொல்லி ஒரு கிழமையாகிறது. அந்த ஒரு கிழமையாக ஹஸ்மி ஸ்கூட்டரை விட்டு எழும்பவில்லை.

பின்னால் இரண்டு சக்கரம் வைத்துக் கட்டிய ஸ்கூட்டர் அது. சிலாபத்து இன்னாசிப்பிள்ளை என்பவர் தன் மனைவிக்காகச் செய்வித்தது. மனைவிக்குக் கண் பார்வை குறைந்ததும் விற்றுவிட்டார். சில மாதத்துக்கு முன் பஸீஹா அதைத் தன் கைக்காசில் வாங்கினாள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவளது இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. முழங்காலுக்கு மேலே இடது கையை ஊன்றி அழுத்தி அழுத்தி நடப்பாள். அந்த நடைக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. அவள் மருதோண்டி போடத் தொடங்கிய பிறகு அந்தப் பெயரை எல்லாரும் மறந்து போனார்கள். கற்பிட்டி வரைக்கும் கலியாண வீடுகளில் பஸீஹாவின் கைதான் வேண்டும் என்று நாள் தள்ளிக் காத்திருக்கிறார்கள்.

அவளை ஏற்றி இறக்கியது பதினான்கு வருடமாக ஹஸ்மியின் பைக். ஏற்றி இறக்கியது என்றால் சும்மா இல்லை. இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி இருத்துவான், போன இடத்தில் அப்படியே தூக்கி இறக்குவான். அவள் பெண்களோடு உள்ளே போனால் அவனுக்கு வெளிப்பந்தலில் ஒரு கதிரை விழும். மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் அவனுக்குத்தான் தேத்தண்ணீர் வரும். தேத்தண்ணீருக்குப் பின்னால் வட்டிலப்பம் வரும். ஊர்க்கதை, கடல்கதை, வெங்காய விலை, எல்லாம் வரும். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் ஒரு மனிதனுக்கு அதைவிட என்ன வேண்டும்? அவளால்தான் தனக்கு அந்த மரியாதை என்று அவனுக்குத் தெரியும். தான் இல்லாவிட்டால் அவளால் அங்கே போக முடியாது என்பதும் தெரியும். இரண்டாவது தெரிந்திருந்ததால் முதலாவது உறுத்தவில்லை.

"தனியப் போறன்" என்று அவள் சொன்ன அன்று அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற புருஷன் இல்லை அவன். "வண்டி இப்பிடியே போகேலாது, கொஞ்சம் சாமான் பூட்டணும்" என்றான். பூட்டத் தொடங்கினான்.

முதலில் அகலக் கண்ணாடி இரண்டு. பிறகு முதுகு சாய ஒரு மெத்தைப் பலகை. பிறகு மழைக்கு ஒரு கூரைச் சீலை, போன் வைக்க ஒரு பிடி, மஞ்சள் லைட் ஒரு சோடி. புத்தளம் டவுனில் றொமேஷின் உதிரிப்பாகக் கடைக்குக் காலையும் மாலையும் நடந்தான். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று போய், கடைசியில்லாத ஒன்றோடு வந்தான்.

"ஹஸ்மி நானா, இதுக்கு மேல பூட்டினா சிலாபத்துக்காரர் வந்து பாத்தாலும் தன்ட வண்டின்டு கண்டுபிடிக்க மாட்டார்" என்றான் றொமேஷ், காசை வாங்கி லாச்சிக்குள் போட்டபடியே.

ஹஸ்மி வீட்டு வயரிங் வேலைக்காரன். தில்லையடியில் புதிதாக எழும்பிய வீடுகளில் பாதிக்கு அவன் கை பட்டிருக்கிறது. வீட்டுக்கு வெளிச்சம் கொடுக்கிறவனுக்கு வண்டிக்கு வெளிச்சம் கொடுப்பது பெரிய காரியமா என்ற துணிவில் கராஜ் பக்கமே போகவில்லை. ஹோர்ன் சத்தம் காணாது, கற்பிட்டி ரோட்டில் லொறிக்காரனுக்குக் கேட்க வேண்டும் என்று, எங்கோ கழற்றிப் போட்ட பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து வந்து பூட்டியதுதான் வேலியில் போன ஓணானை மடியில் விட்ட கதையானது. வயரை மாற்றிக் கொடுத்துவிட்டான் போலும்; பிரேக்கைப் பிடித்தால் ஹோர்ன் அடித்தது. அடித்தது ஹோர்னும் இல்லை. பேக்கரிப் பாண் விற்க வரும் ஆட்டோ ஒழுங்கை ஒழுங்கையாகப் பாடிக்கொண்டு வருமே, அந்தப் பாட்டு. அவன் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்க, அது முதலடியிலிருந்து திரும்பத் திரும்பப் பாடியது. மூன்றாம் முறை பாடும்போது பக்கத்து வீட்டு றுக்கியா பையோடு வேலிக்கு வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வீட்டார்.

"சூன் பாண்காரன் வரல்லியா? சத்தம் கேட்டிச்சே!"

"இல்ல ராத்தா, நம்மட வண்டிதான்."

"ஒங்கட வண்டியில பாண் ஈக்கா?"

பஸீஹா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த கோன் ஒன்று நசுங்கி உடைந்தது. "இதோட நான் எத்தாளைக்குப் போனா மணப்பொண்ணை உட்டுட்டு எல்லாரும் பாண் கேட்டு வருவாங்க" என்றாள். ஹஸ்மியும் சிரித்தான். அன்றிரவே அதைக் கழற்றிப் பழைய ஹோர்னைப் பூட்டினான். ஒரு நாள் அப்படிப் போனதில் அவனுக்கு வருத்தமில்லை.

அடுத்த நாள் அவள் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, ஸ்கூட்டரின் பின்பக்கம் அவளது மருதோண்டிப் பெட்டிக்காக இருந்த தட்டைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு சீட், கால் வைக்க இரண்டு கட்டை, பிடித்துக்கொள்ள ஒரு வளையம் எல்லாம் வந்திருந்தன.

"இது ஆருக்கு?"

"ஆருக்குமில்ல. ஆரும் அவசரத்துக்கு ஏறினா…"

"ஆரு ஏறுற?"

அவன் ஸ்பேனரைத் துணியால் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குக் கையில் ஏதாவது ஒரு வேலை வேண்டும். "எனக்குப் பெட்டி வைக்க எடம் வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். மாலையில் சீட் கழன்று தட்டு திரும்பவும் ஏறியது.

இன்று காலை அவன் பூட்டிக்கொண்டிருந்தது இடது பக்கக் கம்பி. கால் வைக்கும் பலகையின் ஓரத்தில், முன்னிருந்து சீட் வரைக்கும் முழங்கால் உயரத்துக்கு ஓடும் வெள்ளிநிற இரும்புக் கம்பி. இடது கால்தானே அவளுக்குப் பலமில்லாதது, யாரும் உரசிக்கொண்டு போனால் அந்தக் காலில்தானே படும் என்று இரவு முழுக்க யோசித்து, விடிந்ததும் வெல்டிங் கடைக்குப் போய்ச் செய்வித்துக் கொண்டு வந்தான். இதில் பொய்யே இல்லை. அந்தக் காலை நினைத்தால் அவனுக்கு எப்போதும் நெஞ்சு பதறும். நட் கிடைத்தது. இறுக்கினான். தானே ஏறி உட்கார்ந்து காலை அங்கும் இங்கும் ஆட்டிப் பார்த்தான். கம்பி அசையவில்லை. திருப்தியோடு குளித்து ஜும்ஆவுக்குப் போனான்.

பள்ளியிலிருந்து திரும்பியபோது அவள் அபாயா உடுத்து, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்திருந்தாள். பெட்டியைத் தட்டில் வைத்துக் கட்டினான். அவள் ஸ்கூட்டரின் இடது பக்கம் போய், முதுகைக் காட்டி சீட்டில் குந்தினாள். வலது காலை உள்ளே எடுத்தாள். பிறகு இரண்டு கையாலும் இடது முழங்காலில் அபாயாத் துணியைக் கூட்டிப் பிடித்துக் காலைத் தூக்கினாள். கால் கம்பியில் இடித்தது. கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்து இன்னொரு முறை தூக்கினாள். கம்பியின் உயரத்துக்குக் கால் வரவில்லை.

ஹஸ்மிக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அது என்ன சந்தோஷம் என்று கண்டதும் அவனுக்கே வெட்கமாகப் போயிற்று. அவசரமாக முன்னால் வந்து இடுப்பில் கை கொடுக்கக் குனிந்தான். அவள் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஒரு கை குடுத்தாச் சரிதானே, நான் ஏத்தி உடுறன்" என்றான்.

"ஏத்தி உடுவீங்க. எத்தாளையில எறங்கினாப் பொறகு ஆரு ஏத்துற? கலியாண ஊட்டு ஆம்புளைகளா?"

அவன் ஸ்கூட்டரின் வலது பக்கத்தை எட்டிப் பார்த்தான்.

"அந்தப் பக்கத்தால ஏறிப் பாரன்" என்றான், கடைசியாக.

"அந்தப் பக்கத்தால ஏறினா இந்தக் கால்தான் முதல்ல உள்ள போகணும். சீட் ஓரத்துல குந்திக்கிட்டு அதை ரெண்டு கையாலயும் தூக்கினா விழமாட்டனா?" கோபம் இல்லாமல்தான் சொன்னாள். சோறு வேகவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள். "நீங்க வேலைக்குப் போற நேரத்துல நான் தனிய ஏறி எறங்கிப் பழகின. எத்தின தரம் விழுந்தன்டு றுக்கியா ராத்தாகிட்டக் கேளுங்க. ஒங்களுக்கு எங்க தெரியும், நீங்கதானே எப்பவும் தூக்குற."

பதினான்கு வருடம் அந்தக் காலைத் தூக்கியவன் அவன். எந்த மாதத்தில் வலிக்கும், எந்தச் செருப்பு கடிக்கும், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆனால் அவள் தானாக அதைத் தூக்குவது எப்படி என்று இன்றுதான் பார்க்கிறான். அவள் விழுந்திருக்கிறாள், இந்த முற்றத்து மணலில், அவன் யாரோ ஒருவரின் வீட்டுக்கு மின்விசிறி பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில். எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, பின்னேரம் அவனுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்.

ஜும்ஆவுக்கு உடுத்த வெள்ளைச் சட்டையோடேயே மணலில் உட்கார்ந்து கம்பியைக் கழற்றினான். காலையில் அத்தனை நேரம் தேடிப் பூட்டிய நட்டுகள் சுலபமாகத்தான் கழன்றன. கழற்றியதைச் சுவரோடு சாத்திவிட்டுத் தள்ளி நின்றான். அவள் துணியைக் கூட்டிப் பிடித்தாள். கால் உள்ளே போனது. ஸ்டார்ட் செய்தாள்.

"சோறு மூடி வெச்சீக்கி. மீனை மட்டும் சுட வெச்சிச் சாப்புடுங்க."

"பாத்துப் போ. பாலாவிச் சந்தியில பஸ்காரனுகள் ஒருமாதிரித் திருப்புவானுகள்."

"ஓம்."

ஒழுங்கை முனையில் அவள் திரும்பியதும் வீடு அவனுக்கு ஒருமாதிரியாகிவிட்டது. மீனைச் சுட வைக்கவில்லை. ஏதாவது உடைந்துவிட்டால், பெட்ரோல் குழாய் கழன்றுவிட்டால் என்று தனக்குத்தானே ஒரு காரணத்தைச் சொல்லி, ஸ்பேனரைப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தான்.

பாலாவிச் சந்தி தாண்டி, கற்பிட்டி ரோட்டில் நெடுக ஓடியும் அவளைக் காணவில்லை. இந்தப் பொண்ணு இவ்வளவு வேகமாகவா போகிறாள் என்று முதலில் பயந்தான். பிறகு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கடல்நீர் உள்வாங்கி நிற்கும் களப்பு, ரோட்டை ஒட்டி வரும் ஓரிடத்தில், வலது பக்கக் கரையில், ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது. அவள் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். நின்றுபோய்விட்டது! அவன் வயர்தான் ஏதோ செய்துவிட்டது! வெங்காய மூட்டை ஏற்றிய லொறி ஒன்று இந்தப் பக்கம் ஓரமாக நின்றது. அதன் பின்னால் பைக்கைப் போட்டுவிட்டு ஓடப்போனவன், லொறியின் முனையோடு நின்றுவிட்டான்.

அவள் வண்டியைப் பார்க்கவில்லை. போனை எடுக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று முக்காட்டின் ஓரத்தைப் பிடித்து இழுக்க, அதைச் சரிசெய்யக்கூடக் கை போகவில்லை.

அவனுக்குச் சட்டென்று விளங்கியது. அவன் பைக்கில் அவள் எப்போதும் ஒருக்களித்துத்தான் உட்காருவாள், முகம் இடது பக்கம் பார்க்க. இந்த ரோட்டால் போகும்போது இடது பக்கம் தென்னந்தோட்டம், வெங்காயப் பாத்தி, தூரத்தில் காற்றாலைகள். களப்பு முழுக்க அவளது முதுகுக்குப் பின்னால். திரும்பி வரும்போது அது அவள் முகத்துக்கு நேரே வரும். ஆனால் கலியாண வீட்டு வேலை முடிந்து எந்த நாளும் இருட்டித்தான் திரும்பியிருக்கிறார்கள். பதினான்கு வருடமாக இந்த ரோட்டில் வந்து போகிறவள் பகலில் இதைப் பார்த்ததே இல்லை. கொஞ்சம் நிறுத்துங்க என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. தூக்கி இறக்கித் திரும்பத் தூக்கி ஏற்ற வேண்டுமே என்று கேட்காமல் இருந்திருப்பாள். அவனாகவும் ஒருநாள் நிறுத்தவில்லை.

லொறிக்குள்ளிருந்து கிளீனர் எட்டிப் பார்த்தான். "என்ன நானா, ஆரும் தெரிஞ்ச ஆளா? வண்டி பழுதா?"

"இல்ல" என்றான் ஹஸ்மி மெதுவாக. "பழுதொன்டுமில்ல."

அவள் ஹெல்மெட்டை மாட்டி, முன்னும் பின்னும் பார்த்து, ரோட்டைக் கடந்து தன் பக்கத்துக்கு வந்து எத்தாளைப் பக்கமாகப் போனாள். அவன் பைக்கை ஸ்டார்ட் செய்யவில்லை. வளைவில் அவள் மறைந்த பிறகு ரோட்டைத் தாண்டி, அவள் நின்ற இடத்தில் போய் நின்றான். வெயிலில் களப்பு கண்ணைக் கூச வைத்தது. கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான். வெகுதூரத்தில், களப்பின் நடுவில், கரையே தெரியாத இடத்தில், ஒரு மனிதன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தன்பாட்டில் நடந்து போய்க்கொண்டிருந்தான். அவ்வளவு தூரத்திலும் தண்ணீர் அவன் இடுப்புக்கு மேல் வரவில்லை.