அருளம்பலத்தின் இரண்டு குளவிகள்

1.

இது காதல் கதையாக வந்திருக்க வேண்டியது. பத்திரிகை ஆசிரியர் அப்படித்தான் கேட்டார்: யாழ்ப்பாணம், முப்பதுகள், கொஞ்சம் காதல். நானும் தேடினேன். சாதகப் பொருத்தம் இருந்தது, சீதனம் இருந்தது, வேலி வழக்கு வேண்டிய மட்டும் இருந்தது. காதல் அகப்பட்ட ஒரே இடம் நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டத்து வரம்பு. அதைச் செய்தவர்களும் பூச்சிகள். ஆசிரியர் பொறுத்தருள்க.

முதல் வரிக்குப் பட்ட பாடு:

நீர்வேலி வாழைகளின் மேல் அந்தி மெல்ல... (வேண்டாம். அந்திக்கே அலுத்திருக்கும்.)

அருளம்பலம் ஒரு விஞ்ஞானி. (பொய். மானிப்பாயில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் தவளை கீறிக் காட்டுகிற மாஸ்டர்.)

அருளம்பலம் ஒரு மருமகன். (இது நிற்கும்.)

2.

எங்கள் ஊர் வழக்கப்படி அவர் மனைவி பூரணத்தின் சீதன வீட்டில் குடியிருந்தார். வீடு மாமனார் ஆழ்வாப்பிள்ளை கொடுத்தது. கிணறு, மாடு, அவர் உட்காரக் கூசுகிற சாய்மனைக்கதிரை எல்லாம் மாமனாருடையவை. ஆழ்வாப்பிள்ளை நல்ல மனிதர்தான். "இது நான் குடுத்தது" என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒவ்வொரு பொருளையும் ஒருமுறை பார்த்துவிட்டு மருமகனைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

ஆகவே, தான் கண்டுபிடித்த ஒன்றுக்குத் தன் பெயர் வைக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு ஏன் வந்தது என்று நான் விளக்கப் போவதில்லை. (விளக்கிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அழுமூஞ்சியாக இருந்தது.)

3.

ஒரு மாசி மாதம் வரம்பில் அந்தக் குளவியைக் கண்டார். உடல் கருமை. சிறகு புகை படிந்த கண்ணாடி. வயிற்றின் இரண்டாம் வளையம் மட்டும் செங்கல் நிறம். அது தன்னில் பாதியளவான வேறொன்றைத் தூக்கிக்கொண்டு பறந்தது. தூக்கப்பட்டதற்குச் சிறகே இல்லை. பார்த்தால் எறும்பு. சிவந்த நெஞ்சு, கறுத்த வயிறு, அதில் யானைத் தந்த நிறத்தில் இரண்டு பொட்டு, மேலெல்லாம் பட்டு உரோமம். மேலோடு அப்படி இறுக்கம், பிடித்துப் பெட்டியில் குத்தி வைக்கப் போன ஊசி வளைந்தது. விரலில் ஒரு கொட்டும் வாங்கினார். கை இரண்டு நாள் வீங்கியது.

குளவி புழுவைத் தூக்கிப் போவதை ஊரில் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். பெண்சாதியைத் தூக்கிக்கொண்டு போகிற ஆண்பிள்ளையை யாழ்ப்பாணத்தில் எவரும் கண்டதில்லை. அவள் நாலடி பின்னால் நடந்து வருவாள். ஆகவே மாஸ்டர் யோசிக்காமல் தீர்மானித்தார்: இது கொலை.

இரண்டு பூச்சிகள், இரண்டு புதிய இனங்கள், இரண்டு பெயர்கள். சிறகுள்ளதற்கு 'அருளம்பலமி'. சிறகில்லாததற்கு, வீட்டுச் சமாதானத்தை உத்தேசித்து, 'ஆழ்வாப்பிள்ளையி'. (லத்தீனில் ஓர் 'இ' போட்டால் யாரும் நிரந்தரமாகிவிடலாம்.) கொழும்புக்கு அனுப்பிய வருணனையின் கடைசியில் பரம திருப்தியுடன் இப்படியும் எழுதினார்: அருளம்பலமி, ஆழ்வாப்பிள்ளையியை வேட்டையாடித் தூக்கிச் செல்லும்.

மாமனாருக்கு அந்த வரியை வாசித்துக் காட்டவில்லை. பெயரை மட்டும் சொன்னார். ஆழ்வாப்பிள்ளை கோயிலிலும் புகையிலை வியாபாரிகளிடமும் தன் பெயர் சீமைக்குப் போகிற செய்தியைச் சொல்லித் தீர்த்தார்.

4.

வருணனையை வாசித்துவிட்டுக் கொழும்பிலிருந்து பூச்சி நிபுணரான ஒரு துரை வந்தார். (அவருக்கு ஒரு குணம் கொடுக்கப் பார்த்தேன். வியர்வைதான் வந்தது.) சாய்மனைக்கதிரையில் மாமனார், எதிரே துரை, நடுவில் பூச்சிப் பெட்டியோடு மாஸ்டர். உடுவில் இங்கிலிசுப் பள்ளிக்கூடத்தில் படித்த பூரணம் தேத்தண்ணியோடு கதவடியில் நின்றாள்.

துரை கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். இரண்டும் ஒரே இனம், மாஸ்டர் கண்டது கொலை அல்ல, கலியாணம் என்றார். சிறகுள்ளது ஆண், அதற்குக் கொடுக்கே கிடையாது. கொட்டியது பெண். இனம் புதிதுதான், வாழ்த்துகள். ஆனால் ஓர் இனத்துக்கு ஒரு பெயர்தான். எதை வைப்பது என்று கேட்டுப் பேனாவைத் திறந்தார்.

இங்கிலிசு தெரியாத ஆழ்வாப்பிள்ளை கேட்டார்: "தம்பி, துரை என்னவாம்?"

தானும் மாமனாரும் புருஷன் பெண்சாதியாகப் பெட்டிக்குள் கிடப்பதை எந்த மருமகன் மொழிபெயர்ப்பான்? "நல்ல பூச்சியாம், மாமா."

"அவ்வளவு நேரம் கதைச்சதுக்கு இவ்வளவுதானோ? பூரணம், நீ சொல்லு பிள்ளை."

5.

முடிவு ஒன்று: பூரணம் உண்மையைச் சொல்கிறாள். மாஸ்டர் அன்றிரவே பாயைச் சுருட்டி... (சுருட்டமாட்டார். பாயும் மாமனாருடையது.)

முடிவு இரண்டு: பூரணம் புருஷனைக் காப்பாற்ற... (ஏன் காப்பாற்ற வேண்டும்? பூச்சிக்கு அவள் பெயரை வைக்க அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லையே.)

இதை எழுதியபோதுதான் எனக்கும் உறைத்தது. கதை தொடங்கி இவ்வளவு தூரம் அவளைக் கதவடியில் நிறுத்தி வைத்திருந்தவன் நானும்தான். பூரணம் எனக்காகக் காத்திருக்கவில்லை. தேத்தண்ணியை மேசையில் வைத்தாள்.

"ஐயா, உது ரெண்டும் ஒரே இனமாம். பேரும் ஒண்டுதானாம்."

"ஆற்றை பேர்? என்ரைதானே?"

"என்ரை பேராம்."

ஆழ்வாப்பிள்ளை முதலில் முகம் கறுத்தார். பிறகு மகளைப் பார்த்தார், பூரித்துப் போனார். துரை ஒன்றும் விளங்காமல் பேனாவோடு இருந்தார். பூரணம் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"துரை பாத்துக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கோ."

மாஸ்டர் வாயைத் திறந்தார். தன்னுடையது என்று சொல்ல இந்த உலகத்தில் அவருக்கு இருந்தது அந்தப் பூச்சி ஒன்றுதான். 'என் பெயர்' என்று இங்கிலிசில் சொன்னால் துரை எழுதிவிடுவார், மாமனாருக்கு ஒரு சொல்லும் விளங்காது.

எந்தப் பெயர் என்று நான் எழுதப் போவதில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அவர் பக்கத்தில் நிற்கிறவளுக்கு இங்கிலிசு தெரியும்.