காயாத பாலிஷ்

ரோசி பாலிஷ் டின்னை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்வாசல் படியில் இறங்கியபோது, வீட்டு முன்பக்கத்தில் அவளுடைய ஓரகத்தி இருதயம்மாளின் குரல் எழுந்தது. அதுவரை யாரும் வாய்விட்டு அழவில்லை. இருதயம்மாளின் புருஷன், பெரியவர் அருள்நாதனின் மூச்சு நின்று கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. நன்றாக விடியவில்லை. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதிக்கொண்டிருந்தது.

அழ வேண்டிய நேரத்தில் திருடியைப் போல் ஓடுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அழுகை காத்திருக்கும், டின் காத்திருக்காது.

ரோசியின் புருஷன் லியோனார்ட் தச்சன். வீட்டை ஒட்டியே பட்டறை. பீரோ, தொட்டில், கதவு, சவப்பெட்டி எல்லாம் செய்வான். மூன்று வருஷத்துக்கு முன் மதுவிலக்கு வந்து சாராயக் கடைகளை இழுத்து மூடியபோது, ரோசி கோயிலுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அது எரிந்து முடிவதற்குள் லியோனார்ட் வேறு வழி கண்டுபிடித்துவிட்டான். மரத்துக்குப் பூசுகிற பாலிஷில் ஸ்பிரிட் இருந்தது. தேடிப் போக வேண்டியதில்லை, கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. போன வருஷம் அதைக் குடித்து, பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டு ஓரத்தில் கண் தெரியாமல் விழுந்து கிடந்தவனை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அண்ணன் அருள்நாதன்தான் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பார்வை திரும்பியது.

வீடு வந்த அன்றே லியோனார்ட் அந்த டின்னை எடுத்துப் போய் அடுத்த வீட்டுக் கயிற்றுக்கடை ஷாகுல் ஹமீதிடம் நீட்டினான். "பாய், இது உன்னாண்ட இருக்கட்டும். எங்கண்ணன் கேட்டா மட்டும் குடு" என்றான்.

அன்று முதல் பாலிஷ் வேலை எல்லாம் சாயங்காலத்தில்தான். ஷிப்டு முடிந்து அருள்நாதன் வருவார். டின்னை வாங்கி வந்து தம்பிக்கு எதிரே முக்காலியில் உட்காருவார். வேலை முடிந்ததும் டின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பாட்டுக்குப் போவார். பதினான்கு மாதம் தவறவில்லை. நேற்றுத் தவறியது. தொட்டிலுக்குப் பூசிக்கொண்டிருக்கும்போதே பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அந்தக் கலவரத்தில் டின் பட்டறையிலேயே தங்கிவிட்டது.

ஷாகுல் ஹமீது தொழுகை முடிந்து அப்போதுதான் கடைப் பலகையை எடுத்துக்கொண்டிருந்தார். ரோசியின் முகத்தைப் பார்த்ததும் பலகையைக் கீழே வைத்தார்.

"பெரியவரா?"

ரோசி தலையாட்டினாள். பிறகு டின்னை எடுத்து நீட்டினாள். "உள்ள வச்சுப் பூட்டுங்க பாய். அவரு வந்து கேட்டா தீந்துபோச்சுன்னு சொல்லிடுங்க."

"மவுத்து நாளும் அதுவுமா பொய் சொல்லச் சொல்றியே, தங்கச்சி."

"இன்னிக்கு ஒரு நாளு மட்டும்."

பாய் டின்னை வாங்கி உள்ளே கொண்டுபோய்ப் பூட்டினார்.

ஏழு மணிக்கெல்லாம் சந்து நிறைந்துவிட்டது. பாயின் சம்சாரம் சாபிரா பெரிய ஜாடியில் காப்பி கொண்டுவந்தாள். வண்ணாரப்பேட்டையில் தயார்ப் பெட்டி கிடைக்கும், ஆள் அனுப்பலாம் என்று யாரோ சொன்னார்கள். லியோனார்ட் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. பீரோவுக்கென்று வாங்கி வைத்திருந்த தேக்குப் பலகைகளை இறக்கினான். கொஞ்ச நேரத்தில் பட்டறையிலிருந்து பலகை இழைக்கும் இழைப்புளிச் சத்தம் கிளம்பியது. அழுகைக்கும் ஜெபத்துக்கும் நடுவே அது ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்கிறவரையில் ரோசிக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

பெரியவரோடு கிரேனில் வேலை பார்த்த எதிர்வீட்டு ராமதாஸ் மெதுவாக இருதயம்மாளிடம் வந்து குனிந்தான். "அண்ணி, பெட்டி தூக்குற பசங்களுக்கு... வழக்கமா ஏதாச்சும் குடுக்கணுமில்ல?"

"மோரு கீது" என்றாள் இருதயம்மாள், பெரியவரின் கைகளில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டே.

"மோரா?"

"உப்பு போட்டுக் குடுக்கச் சொல்றேன். அவரு உன்னை வுட கனம் கம்மிதான். மோருக்கே தூக்கலாம்."

ராமதாஸ் தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்தான்.

பன்னிரண்டு மணிக்கு இழைப்புளி நின்றது. உப்புத்தாள் தேய்க்கும் சத்தமும் நின்றது. ரோசி பட்டறை வாசலுக்கு ஓடினாள். பெட்டி முடிந்துவிட்டது. லியோனார்ட் அங்கே இல்லை. பாயின் கடை முன் நின்றுகொண்டிருந்தான். பாய் தரையைப் பார்த்தபடி ஏதோ சொல்வதும், லியோனார்ட் திரும்பி நடப்பதும் தெரிந்தது.

உள்ளே வந்தவன் பெட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"போன வாரம்தான் நானும் அண்ணனும் டின் நெறைய வாங்கியாந்தோம். தீந்துபோச்சாம்."

ரோசி பெட்டியின் மேலிருந்த மரத்தூளைக் கையால் துடைத்தாள்.

"நீயா?"

அவள் பாயின் கடைப் பக்கம் பார்த்தாள்.

"நான் குடிச்சுடுவேன்னு பயந்துட்டே." அவன் குரல் உயரவில்லை. "எனக்கும் அதே பயந்தான், ரோசி. காலையிலேர்ந்து அந்த வாசனை மூக்குலயே நின்னுகினு கீது. அத்த உன்னாண்ட சொல்லி, பக்கத்துல குந்துன்னு கூப்பிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ ஒளிச்சு வச்சு, பாய் வாயால பொய்யும் சொல்ல வச்சுட்டே."

ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தான்.

"எங்க போறே?"

"தண்டையார்பேட்டைக்கு. அங்க ஒருத்தன் ஸ்பிரிட் வச்சிருக்கான். எங்கண்ணன் வெறும் பலகையில அநாதையாட்டம் போவ மாட்டாரு."

யார் அந்த ஒருத்தன் என்று ரோசிக்குத் தெரியும். அவன் வீட்டிலிருந்து லியோனார்ட் ஒரு நாளும் நேராக நடந்து வந்ததில்லை.

"இரு. அஞ்சு நிமிசம் இரு" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இருதயம்மாளிடம் ஓடினாள். காதோரம் எல்லாவற்றையும் கொட்டினாள். இருதயம்மாளின் கண்கள் பெரியவரின் முகத்திலேயே இருந்தன.

"டின்னு எப்பவும் பாய்கிட்டதானே இருந்துது?" என்றாள்.

"ஆமாக்கா."

"அது அவனே கொண்டுபோய்க் குடுத்தது. நீ இப்ப செஞ்சது வேற. போய் எடுத்தா."

"குடிச்சுட்டான்னா, அக்கா?"

"நானும் வரேன், போ."

"நீங்க எப்படிக்கா இவரை வுட்டுட்டு..."

"இங்கதான் இவ்ளோ ஜனம் கீதே. இவரு எங்கயும் ஓடிப்போவ மாட்டாரு."

இந்தத் தடவை ரோசி முன்வாசல் வழியாகவே போனாள். பாய் சாவியைத் தேடிப் பூட்டைத் திறந்தார். டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சந்து முழுக்கப் பார்க்க, நடுத்தெருவில் நடந்து வந்தாள். ஜனம் பேச்சை நிறுத்திப் பார்த்தது. பாய் பாதி முறுக்கிய கயிற்றுக் கண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

லியோனார்ட் சட்டையைக் கையில் வைத்தபடி வாசலில் நின்றிருந்தான். டின்னைப் பார்த்தான், ரோசியைப் பார்த்தான். சட்டையை மறுபடியும் ஆணியில் மாட்டினான்.

மூடியைத் திறந்ததும் வாசனை பட்டறை முழுதும் ஏறியது. கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றினான். துணிப் பந்தை எடுத்தான். அப்படியே நின்றுவிட்டான். கண் கிண்ணத்தை விட்டு நகரவில்லை. ரோசி தன் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். ராமதாஸும் வாசலில் வந்து நின்றான்.

"யாராச்சும் பேசுங்க" என்றான் லியோனார்ட், நிமிராமல். "அண்ணன் பேசிகினே இருப்பாரு."

முக்காலி காலியாகக் கிடந்தது. இருதயம்மாள் அதைத் தொடாமல் மரச்சுருள் குவியல்மேல் உட்கார்ந்தாள். "இன்னா பேசுவாரு?"

"பொய்யி."

"பொய்யா?"

"கிரேன் மேலேர்ந்து பாத்தேன், ஒரு கப்பல்ல ஒட்டகச்சிவிங்கி வந்துது, கழுத்து கிரேன் உசரம், என்னாண்ட பீடி கேட்டுதும்பாரு. தெனம் ஒண்ணு. முடிவை மட்டும் சொல்ல மாட்டாரு. நாளைக்கு வான்னுடுவாரு."

இருதயம்மாள் காலி முக்காலியைப் பார்த்தாள். "இருவத்தாறு வருசம் குடித்தனம் பண்ணேன். எங்கிட்ட உப்பு இல்ல, புளி இல்லன்றதைத் தவிர ஒண்ணும் பேசுனதில்ல, அந்த மனுசன்!"

லியோனார்டின் கை பெட்டியின்மேல் இறங்கியது. துணிப் பந்து வட்ட வட்டமாக ஓடத் தொடங்கியது.

பாய் கயிற்றை முறுக்கிக்கொண்டே தொண்டையைச் செருமினார். "எனக்கும் ஒண்ணு தெரியும். போன மாசம் ஒரு மாலுமி வந்து இருவது கஜம் கயிறு கேட்டான். எதுக்குய்யான்னேன். திமிங்கலத்தைக் கட்டி வைக்கணும்னான்..." அதற்குமேல் அவருக்கு ஓடவில்லை.

"அப்புறம்?" என்றான் ராமதாஸ்.

"அப்புறம் இன்னா, குடுத்தேன்."

"பாய், உனக்குப் பொய்யே வரல" என்று லியோனார்ட் சொன்னான். "காலையிலயும் வரல."

முதலில் சிரித்தவள் இருதயம்மாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். குலுங்கல் அழுகையாக மாறியபோது யாரும் அவளைத் தடுக்கவில்லை. ரோசி அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். ராமதாஸ் தன் பங்குக்கு கிரேன் கதை ஒன்றை ஆரம்பித்தான். பதினான்கு மாதமாகப் பெரியவர் இங்கே காவல் இருக்கிறார் என்றுதான் ரோசி நினைத்திருந்தாள்.

ஒரு பூச்சு, இரண்டு பூச்சு. கடல் காற்றில் ஈரம் அதிகம், சீக்கிரத்தில் காயவில்லை. நாலு மணிக்குக் கோயிலில் துக்க மணி அடிக்க ஆரம்பித்தது. லியோனார்ட் மூன்றாவது பூச்சை முடித்து, கிண்ணத்தில் மிஞ்சியதை டின்னிலேயே ஊற்றி, மூடியைக் கட்டைச் சுத்தியலால் தட்டி இறுக்கினான்.

"பாய், எடுத்துகினு போ. நாளைக்கு வந்து கேட்டா கீதுன்னே சொல்லு."

"கீதுன்னு சொல்றேன். ஆனா தர மாட்டேன்."

"அது போதும்."

"இன்னும் ஒரு மணி நேரம் காயணுமே" என்று பெட்டியைச் சுற்றி வந்தான் லியோனார்ட்.

"சாமியார் காத்துகினு கீறாரு. தூக்கு" என்றான் ராமதாஸ்.

பெரியவரைக் கிடத்தி மூடியதும் ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். முன்னால் லியோனார்டும் ராமதாஸும், நடுவில் பாயும் இன்னொருவரும், பின்னால் இரண்டு துறைமுகத்து ஆட்கள். எல்லோரும் மோர் குடித்திருந்தார்கள். தேக்கு மரம் வெயிலில் செம்பு மாதிரி மின்னியது. பெண்கள் சந்து முனையோடு நின்றுகொண்டார்கள். காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதையில் பெட்டி திரும்பி மறைகிறவரையில் இருதயம்மாள் ரோசியின் கையை விடவில்லை.

மறுநாள் காலையில் ரோசி லியோனார்டின் வெள்ளைச் சட்டையைத் துவைக்கும் கல்லில் போட்டுத் தேய்த்தாள். வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை. சோடா போட்டாள், சவுக்காரம் போட்டாள், எலுமிச்சம்பழம் தேய்த்தாள். போகவில்லை. பட்டறையில் இழைப்புளி ஓடிக்கொண்டிருந்தது.

சட்டையைப் பிழிந்து கொடியில் போட நிமிர்ந்தாள். பாய் வீட்டுக் கொடியில் சாபிரா ஒரு ஜிப்பாவை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு மாடியில் ராமதாஸின் சட்டை காற்றில் ஆடியது. இரண்டிலும் தோளில் அதே பழுப்பு.

ரோசி தன் கையிலிருந்ததையும் கறை வெளியே தெரியும்படி விரித்துப் போட்டாள்.