கிழங்கு தின்ற வாய்

டம்ளர் பாத்திக்குள் விழுந்து உருண்டது. சூடான சுக்குக் காப்பி தெறித்துத் தெய்வாத்தாளின் சேலை முந்தானையெல்லாம் கறையாயிற்று. டம்ளரைத் தட்டிவிட்ட சிவயோகமோ, மகள் தர்சியின் வாய்க்குள் விரலை விட்டு, "துப்படி! துப்படி!" என்று கத்தினாள். பிறகு பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வரப்போடு இலங்கை அகதி முகாமைப் பார்த்து ஓடினாள்.

தெய்வாத்தாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சற்று முன்புதான் மூவரும் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து, முதன்முதலாகப் பிடுங்கிய மரவள்ளிக் குச்சிக்கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். அதன் மேல் குடிக்கத்தான் பிள்ளைக்குச் சுக்குக் காப்பி கொடுத்தாள்.

"உன்ற கையில வாங்கிக் குடிக்க மாட்டாளாமா?" பக்கத்து நிலத்தில் களை வெட்டிய பங்காரம்மா சிரித்தாள். "சாதி என்னன்னே தெரியாதவளுக்கு ஊட்டு டம்ளரக் கொண்டாந்து குடுத்தியே, உனக்கு வேணும்!"

அந்தச் சிரிப்பு தெய்வாத்தாளுக்குச் சுருக்கென்று தைத்தது.

முகாம் வந்த புதிதில் ஊரே முணுமுணுத்தது. அரிசி லாரி நேராக முகாமுக்குப் போகும். கிணறு வற்றிய ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் லாரியையே மறித்துவிட்டார்கள். அதற்கப்புறந்தான் தொண்டு நிறுவனத்தார் ஒரு யோசனையோடு வந்தார்கள். ஊர்க்காரர்களின் கிணற்றை ஆழப்படுத்தித் தருவார்கள், விதைக்குச்சியும் உரமும் தருவார்கள். முகாம் குடும்பம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு வெள்ளாமை செய்ய வேண்டும், விளைவதில் பாதிக்குப் பாதி. தெய்வாத்தாள் ஒத்துக்கொண்டது கிணற்றுக்காகத்தான்.

முதல் நாள், "காலையில காட்டுக்கு வந்துரு அம்மணி" என்றதற்குச் சிவயோகத்தின் முகம் வெளுத்துப் போயிற்று. "காட்டுக்கோ? ஏனக்கா, ஆமி வருதோ?" என்றாள். விளைகிற நிலத்தைத்தான் இங்கே காடு என்பார்கள் என்று புரியவைப்பதற்குள் தெய்வாத்தாளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "களை எடுத்துப்போட்டன், தண்ணி கட்டிப்போட்டன்" என்று சிவயோகம் பேசப் பேச, அட, நம்ம பேச்சாட்டவே இருக்குதே என்று மனசு ஒட்டிக்கொண்டது. கிழங்கு பிடிக்கிற காலத்துக்குள் அவள் கூடப் பிறந்தவள் மாதிரி ஆகியிருந்தாள். அதனால்தான் இன்று அப்படி வலித்தது.

ராத்திரி சோறு போடும்போது கணவன் தம்பிதுரையிடம் சொன்னாள். "நாளைக்குத் தொண்டு நிறுவனத்து ஜீப்பு வந்தா வேற குடும்பத்தச் சேத்துடச் சொல்லிப்போடுங்க."

"யோசிச்சுச் சொல்லு புள்ளே. நாம வேண்டாம்னா அவளுக்குக் காடும் இல்லே, கெழங்கும் இல்லே."

"எனக்கென்னங்க!"

காலையில் அவள் நிலத்துக்குப் போனபோது சிவயோகம் அங்கே காத்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. தர்சி வாய்க்காலில் கால் நனைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"விடிய விடிய இவளின்ர மூச்சைப் பாத்துக்கொண்டு இருந்தனான், அக்கா."

"ஏன், நான் வெசமா குடுத்தேன்?"

"மரவள்ளி திண்ட வாயில இஞ்சி படக்கூடாது. சுக்கும் இஞ்சிதானே? சேர்ந்தா நஞ்சு. உங்களுக்குத் தெரியாதோ?"

இவ்வளவுதானா! தெய்வாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிவயோகம் இன்னும் முடிக்கவில்லை.

"எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தவன். ஓடி வரேக்க காட்டுக்க கிடந்தம். உங்கட காடில்லை அக்கா, எங்கட காடு. ஆரோ விட்டிட்டுப் போன வளவில மரவள்ளி கிண்டி, அரைவேக்காட்டில திண்டம். பிள்ளைக்கு வயித்துக்குத்து. நான்தான் இஞ்சி அவிச்சுப் பருக்கினனான்." அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "விடியேக்க பிள்ளை இல்லை. பிறகுதான் சனம் சொல்லிச்சுது, இஞ்சிதான் கொண்டதெண்டு."

தெய்வாத்தாளின் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. இத்தனை பெரிய பாரத்தை ஒரே வார்த்தையில் இறக்கி வைத்துவிடலாமே என்ற அவசரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கெழங்கத் தின்னுபோட்டு நாங்க சுக்குக் காப்பிதான் கண்ணு குடிப்போம். ஒருத்தருக்கும் ஒன்னும் ஆனதில்லே. உன்ற புள்ள நல்லாத்தானே ஆடிட்டிருக்கறா? நீ குடுத்த இஞ்சியில ஒன்னும் ஆயிருக்காது."

"ஒண்டும் செய்யாதோ?"

"சத்தியமாச் செய்யாது."

சிவயோகம் அவளையே பார்த்தாள். "அப்ப என்ர பிள்ளை ஏனக்கா செத்தவன்?"

பதில் தெய்வாத்தாளின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கசப்புக் கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் ஆள் பிழைப்பது கஷ்டம். இந்தப் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிழங்கை ஊட்டியதும் இவள்தானே? தெய்வாத்தாள் வாயை மூடிக்கொண்டாள்.

ரோட்டில் ஜீப் வந்து நின்றது. "ஏம்புள்ளே, என்ன சொல்லட்டும்?" என்று தம்பிதுரை அங்கிருந்து குரல் கொடுத்தான்.

"இதே குடும்பந்தான்னு சொல்லுங்க!" தெய்வாத்தாள் திருப்பிக் கத்தினாள்.

சிவயோகம் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. வாய்க்காலில் இறங்கி மகளைப் பிடித்து நிறுத்தி, முந்தானையால் அவள் வாயைத் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. "அம்மா, நோகுது" என்று பிள்ளை முகத்தைத் திருப்பியது. அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.