வாயால் சொல்ல வேண்டும்

“இந்தப் பயிரு யாரோடது, பாப்பா?”

போன வருஷம் மானிய ஆய்வாளர் வரப்பில் நின்று அவளைக் கேட்ட கேள்வி. வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ என்று சொல்லக்கூட வாய் எழாமல், எட்டாவதோடு பள்ளியை விட்டவள் அவள். அப்பா கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“அது ஊமைக்கோட்டான் சார், அதுகிட்டப் போய்க் கேக்கறீங்களே! பயிரு என்னோடதுதான்” என்று முந்திக்கொண்டார் சித்தப்பா. சோளத்துக்கு முன்னால் நின்று, ஆய்வாளர் எடுத்த படத்துக்குப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“யாருக்காவது ஆட்சேபணை உண்டா?” ஆய்வாளர் முறைப்படி மூன்று தடவை கேட்டார். வயலில் நின்று சொன்னால்தான் ஆட்சேபணை. பிறகு எத்தனை மனு போட்டாலும் செல்லாது. உண்டு என்று அவள் தலையை ஆட்டினாள்.

“வாயால சொல்லணும் பாப்பா. தலையாட்டினா எழுத முடியாது.”

அப்பா விதைத்த சோளத்துக்கு வந்த மானியம் சித்தப்பாவுக்குப் போயிற்று. பாகம் பிரிக்காத நிலம் அது. இன்னொரு வருஷமும் அவர் பெயர் பதிந்துவிட்டால், சாகுபடிக்காரர் என்று நிலமே அவர் கைக்குப் போய்விடும்.

இந்த வருஷம் அப்பா விடியும் முன்பே ஊன்றுகோலோடு வயலில் வந்து நின்றார். மண்வெட்டியோடு அவளும் கூட வந்திருந்தாள். சித்தப்பா சலவைச் சட்டையில் வந்தார்.

“நொண்டிக்கிட்டு எதுக்குண்ணே வந்தே? படம் கோணலா விழப்போவுது.”

“இந்தத் தடவை என் பொணத்து மேல நின்னுதான்டா நீ படம் எடுக்கணும்.”

“அதுக்கென்ன, ஆயிட்டாப் போச்சு!”

சித்தப்பா ஊன்றுகோலைப் பிடுங்கி, ஒட்டவைத்த எலும்பைப் பார்த்து ஓங்கி அடித்தார். பச்சைக் கிளை முறிவதுபோல் சத்தம் கேட்டது. அப்பா சோளத்துக்குள் விழுந்தார். இரண்டாம் அடி முதுகில். மூன்றாவதுக்குக் கோல் உயர்ந்தபோது சித்தப்பா திரும்பி, “என்னடி, பாத்துக்கிட்டு நிக்கிறே? கத்தேன்!” என்றார்.

அவள் கத்தவில்லை. மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, காம்பால் அடித்தாள். வாயைப் பார்த்துத்தான் அடித்தாள். தாடை ஒரு பக்கமாக இறங்கியது. சலவைச் சட்டை சிவந்தது. மறுபடி அடித்தாள். ஒரு பல் வரப்பில் போய் விழுந்தது.

ஆய்வாளரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

“அய்யோ, என்னய்யா இது! மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க!”

“மொதல்ல படம் எடுங்க சார்” என்றார் அப்பா, படுத்தபடியே.

ஆய்வாளர் கைபேசியை எடுத்தார். பதிவுக்குக் கடைசி நாள் அன்றைக்குத்தான். “பயிரு... யாரோடது?”

“எங்க அப்பாவோடது.” தன் குரலா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அப்பாவின் அக்குளில் தோளைக் கொடுத்துத் தூக்கி, சோளத்துக்கு முன்னால் நிறுத்தினாள். படம் விழும்வரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“யாருக்காவது ஆட்சேபணை உண்டா?”

சித்தப்பா வாயைத் திறக்கப் பார்த்தார். ரத்தம்தான் வந்தது. இரண்டு கையையும் வேகமாக ஆட்டினார்.

“வாயால சொல்லணுங்க” என்றார் ஆய்வாளர். மீதி இரண்டு தடவையும் கேட்டார். காத்திருந்தார். பிறகு, ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதினார்.

சித்தப்பா குனிந்து பல்லைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவளை ஒரு முறை பார்த்தார். துண்டால் தாடையைத் தாங்கிப் பிடித்தபடி வரப்பேறிப் போனார்.