நல்லவரிடம் பழகிய எந்திரம்

எடின்பரோவில் எங்கள் தெருவிலேயே நல்லவர் யார் என்று பல்கலைக்கழகத்து ஆட்கள் வீடு வீடாகக் கேட்டார்கள். எல்லோரும் என் அப்பா டாக்டர் மர்டோ கால்பிரெய்த்தின் பெயரைச் சொன்னார்கள். ஓய்வு பெற்ற பிறகும் பனியில் நடந்துபோய்ப் பழைய நோயாளிகளை விசாரித்து வருகிறவர். செயற்கை நுண்ணறிவு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி எழுதி எழுதி அலுத்தவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்து ஆட்கள். கருணையும் நேர்மையும் பழகப் பழகத்தான் வரும், இனி ஒரு நல்ல மனிதரைப் பார்த்து எந்திரம் பழகட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். வாரா வாரம் அப்பாவை உட்காரவைத்து, இன்னாருக்கு இன்ன கஷ்டம், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள்.

தெருவையே கேட்டவர்களுக்கு வீட்டுக்குள் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. படித்தவர்கள், பாவம்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் தானே வளர்ந்தேன். என் கணவன் இயன் என்னை விட்டுப் போனதைச் சொன்னபோது, "அப்படியாம்மா" என்றார் அப்பா. பிறகு எழுந்துபோய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

குடும்பத்தாரும் பேசிப் பார்க்கலாம் என்று அந்த எந்திரத்தை என் கைபேசியிலும் போட்டுத் தந்திருந்தார்கள். வெறும் வீட்டில் யாரிடமாவது பேசினால் போதும் என்றிருந்தது. இயனைப் பற்றிச் சொன்னேன்.

"வேலை முடிஞ்சு வீட்டுக்குள்ள நுழையும்போது எப்படி இருக்கு, எல்ஸ்பெத்?" என்றது.

யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அழுதுவிட்டேன்.

"இப்படிக் கேக்க எங்கப்பாகிட்டதான் கத்துக்கிட்டியா?"

"ஆமா."

"அப்போ அவர் ஏன் என்னைக் கேக்கல?"

"தெரியல. அவர்கிட்ட வந்த கேள்விகள்ல அவர் மக இல்ல."

சரி, நாமே கேள்வியாகப் போய் நிற்போம் என்று ஞாயிற்றுக்கிழமை போனேன். அப்பா பார்லி சூப் ஊற்றினார்.

"அப்பா, ஒரு கேள்வி. ஒருத்திய புருஷன் விட்டுட்டுப் போயிட்டான். ஞாயித்துக்கிழமையானா அப்பா வீட்டுக்கு வந்து உக்காந்துக்கிறா. ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா. அந்த அப்பா என்ன செய்யணும்?"

அப்பாவின் முகம் மலர்ந்தது. கரண்டியைக் கீழே வைத்தார்.

"புத்தி சொல்லக் கூடாது. பக்கத்துல போய் உக்காரணும். தனியா இருக்கறது எப்படிம்மா இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கணும். அப்புறம் அவ வாயைத் திறக்கற வரைக்கும் காத்திருக்கணும். சூப் ஆறினா ஆறட்டும்."

எவ்வளவு அழகான பதில். நான் காத்திருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா என் கிண்ணத்தைப் பார்த்தார்.

"குடிம்மா" என்றார். "ஆறிடப் போகுது."