முப்பதாவது துடிப்பு

எனக்கு ஒரு வாட்ச் வாங்க மூன்று பேர் கிளம்பிப் போனோம். ஒரு கைக்கு மூன்று பேர் அதிகம் என்பது, கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

முன்னால் போனவர் என் கொழுந்தன். வீட்டில் அவருக்கு ‘மாநாடு’ என்று பெயர். குக்கர் வாங்குவது பற்றிக் கேட்டால்கூட எல்லோரையும் உட்காரவைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ஆரம்பிப்பார். சொந்தமாக நாலைந்து நல்ல வாட்ச் வைத்திருக்கிறார். “அவனுக்குத்தான் இதெல்லாம் தெரியும், கூட்டிட்டுப் போ” என்று என் கணவர் சொல்லிவிட்டார். சித்தப்பா என்னைப் பேசியே கவிழ்த்துவிடுவார் என்று பயந்து, எனக்குத் துணையாக மகளும் ஒட்டிக்கொண்டாள்.

போன மாதம்தான் நான் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். நர்ஸ் வேலை. வார்டில் முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக்கூடாது. கடிகாரம், மோதிரம், கயிறு எதுவும் கூடாது. ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் கையை முழங்கைவரை தேய்த்துக் கழுவ வேண்டும். அதனால் எங்கள் வாட்ச் நெஞ்சில் தொங்கும். சீருடையில் ஊக்கு குத்தி, பன்னிரண்டு கீழே இருக்கும்படி தலைகீழாக மாட்டியிருப்போம். குனிந்து பார்க்கிற எங்களுக்கு மட்டும் நேராகத் தெரியும்.

ஓய்வுப் பணம் வந்த அன்று, “இதுல உனக்குன்னு ஒண்ணு வாங்கிக்கோ, வீட்டுக்கில்ல, உனக்கு” என்றார் என் கணவர். “வாட்ச்” என்றேன். யோசிக்கவே இல்லை. அது வாயிலிருந்து வந்த வேகத்தைப் பார்த்து நானே திடுக்கிட்டேன். எதைக் கேட்டாலும் ‘எதுவா இருந்தாலும் சரி’ என்பதுதான் என் வழக்கமான பதில். புடவையோ, சாப்பாடோ, பஸ்ஸில் ஜன்னலோர இடமோ, எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். அதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம் இருந்ததில்லை. அதுதான் என்னை இப்போது யோசிக்கவைத்தது. வருத்தமே இல்லாமல் ஒருத்தியால் இத்தனை காலம் எப்படி ஒதுங்கி நிற்க முடிந்தது? அதனால் கதவைத் தள்ளும்போது எனக்குள் ஒரே ஒரு பயம்தான் இருந்தது. இங்கேயும் அந்தப் பதிலையே சொல்லிவிட்டு, யாரோ தேர்ந்தெடுத்ததைக் கையில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேனோ என்ற பயம்.

பழைய உயர்ரக வாட்ச்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கிற கடை அது. ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் ஒரே அறை. கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்க, கடைக்காரர் சாம்பல் நிறத் துணி விரித்த தட்டு ஒன்றை எங்கள் முன்னால் வைத்தார்.

“யாருக்குங்க?”

“அண்ணிக்கு” என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார் மாநாடு. “முதல்ல சப்மரைனர் எடுங்க.”

ரோலெக்ஸ் சப்மரைனர் வந்தது. கனமான எஃகு. கறுப்பு முகம், அதைச் சுற்றித் திருகுகிற வளையம்.

“அண்ணி, இதப் பாருங்க. கடலுக்கு அடியில முங்குறவங்களுக்காகச் செஞ்சது. முங்கும்போது இந்த வளையத்தத் திருகி நிமிஷ முள்ளுக்கு நேரா வச்சுட்டா, எவ்வளவு நேரம் உள்ள இருக்கோம்னு தெரிஞ்சுரும். சாவி குடுக்க வேணாம், கை அசைய அசைய அதுவே ஓடும்.”

“அம்மா கடல்ல கால் நனைக்கக்கூட செருப்பக் கழட்ட மாட்டாங்க, சித்தப்பா” என்றாள் மகள்.

“மழையில நனையலாம்ல?”

“மழைக்குக் குடை இருக்கு.”

அவர் காதில் வாங்கவில்லை. அடுத்தது ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். முகத்துக்குள்ளே மூன்று சின்ன வட்டங்கள், பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள். சந்திரனுக்குப் போனவர்கள் கட்டியிருந்த வகை என்றார். தினமும் கையால் சாவி கொடுக்க வேண்டும். கண்ணாடிக்குப் பதில் ஒருவகை பிளாஸ்டிக், கீறல் விழும், ஆனால் சில்லுச் சில்லாகச் சிதறாது. விண்வெளியில் சில்லு மிதந்தால் ஆபத்து அல்லவா?

“நல்லவேளை, சொன்னீங்க. நாங்க சந்திரனுக்குத்தான் கிளம்பிட்டிருந்தோம்” என்று சொல்லிவிட்டு, மகள் கடைக்காரரிடம் கார்த்தியே என்ற பிரெஞ்சு கம்பெனியின் டேங்க் வாட்சைக் கேட்டாள்.

அது அழகுதான். நீள்சதுர முகம், ரோமன் எண்கள், சாவிக் குமிழின் நுனியில் ஒரு துளி நீலக்கல். மெலிந்த தோல் பட்டை. “எவ்வளவு நேர்த்தியா இருக்கு பாரும்மா, எந்தப் புடவைக்கும் ஒத்துப்போகும்” என்றவள், அதைத் தன் கையில் கட்டி, கையை நீட்டி, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அதற்குள் மாநாடு சப்மரைனரைத் தன் மணிக்கட்டில் மாட்டி, சட்டைக் கையை இழுத்து விட்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இருவரும் மனசறிந்து பொய் சொல்லவில்லை. எனக்காகத்தான் பேசினார்கள். ஆனால் அவரவர் கை அவரவருக்குத் தெரியாமலே முன்னால் வந்து நின்றது. நானும் இப்படித்தானே மகளுக்கு உடை எடுத்தேன், எனக்குக் கிடைக்காத நிறத்தில்? அன்பு என்று நாம் சொல்கிற பலவற்றுக்குள் இப்படி ஒரு கை நீண்டிருக்கிறது. அது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தத் தட்டில் என் கை எங்கே?

“டேங்க் தண்ணி பட்டா போச்சு. மனுஷன் கட்டுற வாட்சா அது?”

“சப்மரைனர் கட்டினா அம்மா கை தரையத் தொடும்.”

“அண்ணி, நீங்களே சொல்லுங்க.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பழைய வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து உள்ளே தள்ளினேன். “எல்லாத்தையும் நானே ஒரு தடவ பாக்கறேன்” என்றேன்.

மகள் மனசில்லாமல் டேங்கைக் கழற்றிக் கொடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு சுவரிலிருந்த கண்ணாடி முன்னால் போய் நின்றேன். எதிரே ஒரு பெண்மணி, வாட்சைப் பட்டையால் பிடித்து, இடது நெஞ்சில் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு, தாடையைத் தாழ்த்தி மணி பார்த்துக்கொண்டிருந்தாள். சீருடை இல்லை, ஊக்கும் இல்லை. கை மட்டும் வார்டிலேயே இருந்தது.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அம்மா, அது கையில கட்டுறது.” மாநாடுகூட மாநாட்டை ஒத்திவைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சேர்ந்துகொண்டேன், கண்ணில் நீர் வரும்வரை.

கடைக்காரர் மட்டும் சிரிக்காமல் கேட்டார். “மேடம் நர்ஸா?”

“ஆமா. ரிட்டையர் ஆயிட்டேன்.”

அவர் குனிந்து, கீழ் இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தார். பெரிய பெயர் எதுவும் அதில் இல்லை. எப்போதோ மூடிப்போன ஒரு கம்பெனியாம். முகம் பால் வெள்ளை, கொஞ்சம் மஞ்சள் ஏறியிருந்தது. ஓரத்தைச் சுற்றிச் சிவப்பில் பொடி எண்கள். அவை நிமிஷத்துக்கான எண்கள் இல்லை.

“இதுவும் ஸ்பீட்மாஸ்டர் மாதிரி நிறுத்தி ஓட்டுற வாட்ச்தான். ஆனா அதுல அளக்கறது வேகம், இதுல அளக்கறது நாடி. பொத்தான அழுத்திட்டு நாடியப் புடிங்க. முப்பதாவது துடிப்புல மறுபடி அழுத்துங்க. முள்ளு எந்தச் சிவப்பு எண்ணுல நிக்குதோ, அதுதான் நிமிஷத்துக்கு எத்தனைன்னு. பெருக்க வேண்டியதில்ல. டாக்டர் வாட்ச்னு சொல்வாங்க.”

நான் அதைக் கையில் எடுத்தேன். சில்லென்றிருந்தது. காலம் முழுக்க எண்ணிக்கொண்டே இருந்தேன், கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கி, அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கி. அந்தக் கணக்கைச் சுமந்துகொள்ள ஒரு வாட்ச் இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, இந்த வேலையை யோசித்து, அதைச் சிவப்பு மையில் வட்டமாக எழுதியிருக்கிறார்.

“அண்ணி, அது டாக்டர் வாட்ச்சுன்னு அவரே சொல்றாரு. நீங்க நர்ஸ்தானே” என்றார் மாநாடு. கேலி இல்லை. அவருக்கு அது வெறும் தகவல்.

அது குத்தவேண்டிய இடத்தில் குத்தியது. ஆனால் வலிக்கவில்லை, தூக்கம் கலைந்த மாதிரி இருந்தது.

“டாக்டர் கட்டில் பக்கத்துல வந்து நின்னு, என்ன கேப்பாரு தெரியுமா, தம்பி?”

“என்ன?”

“‘சிஸ்டர், எவ்வளவு?’ன்னு கேப்பாரு. சொன்னா எழுதிப்பாரு. கைய நீட்டுங்க.”

“எதுக்கு?”

“நீட்டுங்க.”

அவர் நீட்டினார். சப்மரைனரை மேலே தள்ளிவிட்டு, கட்டைவிரலின் அடியில் என் மூன்று விரல்களை வைத்தேன். அந்த இடத்தை நான் தேட வேண்டியிருக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன். மெல்லிய முள் கிளம்பியது.

“சொல்லப்போனா அண்ணி, இதுக்கு உதிரிப் பாகமே கெடைக்காது, அப்புறம் தண்ணி...”

“பேசாதீங்க, நாடி ஏறிடும்.”

மாநாடு பேச்சை நிறுத்தினார். என் திருமணத்துக்குப் பிறகு நான் அதைப் பார்ப்பது அதுவே முதல்முறை. கீழே மருந்துக் கடையில் யாரோ சில்லறை கேட்பது கேட்டது. என் விரலுக்கடியில் அவருடைய ரத்தம் தட்டித் தட்டிப் போனது. முப்பதில் அழுத்தினேன். முள் நின்றது.

“தொண்ணூத்தாறு” என்றேன். “ஒரு வாட்சுக்கு இது அதிகம், தம்பி. மாடிப்படியில கொஞ்சம் நடங்க.”

கடைக்காரர் தலையைக் குனிந்து சிரித்தார். மாநாடு தன் மணிக்கட்டையே சற்று நேரம் பார்த்தார். பிறகு, தோற்ற முகமே இல்லாமல், “இன்னொரு தடவ பாருங்க, மூச்சிழுத்துட்டு வரேன்” என்றார்.

“அப்புறம் பாக்கலாம். இதத்தான் எடுத்துக்கறேன்” என்றேன் கடைக்காரரிடம்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்பது உறைத்தது. குரல் உயரவில்லை, நடுங்கவும் இல்லை. வார்டில் ‘எவ்வளவு?’ என்று கேட்டால் எண்ணைச் சொல்வேனே, அந்தக் குரல். அது எப்போதும் என்னிடம் இருந்திருக்கிறது. எனக்காக நான் அதை எடுத்ததில்லை, அவ்வளவுதான்.

“தினமும் சாவி குடுக்கணும்மா” என்றாள் மகள், கடைசி முயற்சியாக.

“குடுப்பேன். ஊருக்கே மருந்து குடுத்தேன், இதுக்குச் சாவி குடுக்க மாட்டேனா?”

“தண்ணி படக்கூடாது” என்றார் மாநாடு.

“இனி யாரு என்னைக் கை கழுவச் சொல்றா?”

கடைக்காரர் வாட்சை என் இடது கையில் கட்டினார். கடைசித் துளையில் மாட்டியும் அது மணிக்கட்டைச் சுற்றிக் கழன்று ஓடியது. வாட்ச் கட்டாத கை மெலிந்துதான் இருக்கும் போலிருக்கிறது.

“இன்னொரு துளை போடணும்” என்றார் அவர். “இது வாட்சோட வந்த அசல் பட்டை. போட்டா போட்டதுதான்.”

மாநாடு சட்டென்று நிமிர்ந்தார். “வேணாம், வேணாம். வேற பட்டை மாத்திக்கலாம். அசல் பட்டைல துளை போட்டா மதிப்புப் போயிரும். அதோட, நாளைக்கு மாப்பிள்ளைக்குக் குடுக்கறதா இருந்தா?”

“எந்த மாப்பிள்ளை?” என்று கேட்டாள் மகள்.

“வரப்போற மாப்பிள்ளை.”

“அவர் வந்து சொந்தமா வாங்கிக்கட்டும், சித்தப்பா” என்று சொல்லி, அவள் என் பக்கம் வந்து நின்றாள். டேங்க் தட்டிலேயே கிடந்தது.

நான் கையை மேசைமேல் நீட்டி, பட்டையை இறுக்கிப் பிடித்து, துளை விழவேண்டிய இடத்தை நகத்தால் காட்டினேன்.

“இங்க போடுங்க.”

கடைக்காரர் கழற்றி எடுத்துப் போய், குறடு மாதிரி ஒரு கருவியில் பட்டையை வைத்து அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். மிளகு அளவு ஒரு தோல் வட்டம் தட்டில் விழுந்து உருண்டது. மூன்று பேரும் அதையே பார்த்தோம். நான் குனிந்து அதை ஊதித் தள்ளிவிட்டு, கையை நீட்டினேன்.