கிழக்குச் சுவரில் ஒரு கதவு

1936ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி, தென்காசியில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் இருந்த ஹாஜரா பீவியின் வீட்டுக்குக் கொழும்பிலிருந்து பதிவுத் தபால் ஒன்று வந்தது. உறைக்குள் எண்ணூறு ரூபாய்க்கு உண்டியல் சீட்டும், கோடு போட்ட தாளில் ஒரு வரைபடமும் இருந்தன.

வரைபடம் கணவர் மசூது கைப்பட வரைந்தது. கொழும்பில் ஜவுளிக்கடை வைத்திருந்த அவர் ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. அடுத்த முறை வரும்போது வீடு புதுசாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். கொழுந்தன் கிதிர் முகம்மது தாளை விரித்து வைத்து வாசித்தான்.

"முன்னால சிமிண்டுத் தளம் போட்டு நாலு உருண்டைத் தூணு. மேல கொல்லத்து ஓடு. நடுமுற்றத்துல கெழக்குச் சுவர ஒட்டி ஒரு குளிப்பறை. அம்புட்டுத்தான் மதினி."

"கெழக்குச் சுவருலயா? அங்கன கதவுல்லா இருக்கு."

"எந்தக் கதவு?"

ஹாஜரா பீவி அவனை ஒரு கணம் பார்த்தாள். இதே வீட்டில் பிறந்து முப்பது வருஷம் வளர்ந்தவன். ஆனால் அந்தக் கதவு வழியாக அவன் போனதில்லை. ஆண்கள் யாருமே போனதில்லை. குனிந்து நுழைந்தால் அடுத்த வீட்டு ஹைருன் பீவியின் முற்றம். அங்கிருந்து இன்னொரு கதவு, அதற்கடுத்து இன்னொன்று. தெருவில் கால் வைக்காமலே பெண்கள் ஏழு வீட்டுக்கும் போய் வருவார்கள். மூன்றாவது வீட்டில் ஹாஜராவின் உம்மா ஒரு பக்கம் கைகால் விளங்காமல் படுத்திருந்தாள். மத்தியானக் கஞ்சியை மகள் போய் ஊட்டினால்தான் உள்ளே இறங்கும். பகலில் பெண்கள் தெருவில் இறங்கும் வழக்கம் கிடையாது. பொழுது சாய்ந்தபின், துப்பட்டி போர்த்திக்கொண்டு போகலாம்.

"உம்மாவுக்குக் கஞ்சி கொண்டு போற வழி அதுதான் தம்பி."

"வேற யாரையாவது ஊட்டச் சொல்லலாம். அண்ணன் வரைஞ்சு அனுப்பிட்டாக. நான் எப்படி மாத்த?"

இரண்டு நாள் கழித்துக் குத்தாலிங்கம் கொத்தனார் அளவெடுக்க வந்தார். சாரல் மழை தொடங்குமுன் ஓடு ஏறிவிட வேண்டும், அதனால் மே மாத நடுவுக்குள் வேலையை ஆரம்பித்தாக வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார். அவர் உள்ளே வருமுன் ஹாஜரா கிழக்குக் கதவு வழியாக ஹைருன் பீவியின் வீட்டுக்குப் போனாள். இருவரும் கதவை ஒருக்களித்துச் சாத்தி அதன் பின்னால் உட்கார்ந்தார்கள்.

அந்தப் பக்கம் கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார்கள்.

"குத்தாலத்துல ஒரு பங்களாவுக்கு எட்டுத் தூணு வச்சேன் மொதலாளி. இதுக்கு நாலு என்ன பெரிசு" என்றார் கொத்தனார் கிதிர் முகம்மதுவிடம். "மொதல்ல குளிப்பறையில கை வைப்போம். நாளைக்கே இந்தக் கதவப் பேத்துட்டுச் செங்கல் அடைச்சிருதேன்."

ஹாஜராவின் கை ஹைருன் பீவியின் முழங்காலைப் பிடித்தது.

கொத்தனாரின் கயிறு பாதியில் நின்றது. "ஒரு சங்கதி மொதலாளி. நான் வரும்போது வீட்டுப் பொம்பளைய எப்படி வெளிய போனாக?"

கிதிர் முகம்மது கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"மூணு மாசம் நாலு ஆளு இங்கன கெடப்போம். தெனமும் அவுக எங்க போவாக?"

"தெரு வழியா ஊர்வலம் போவோம், மேளத்துக்கு மட்டும் சொல்லி விடுங்க" என்றாள் ஹைருன் பீவி கதவுக்குப் பின்னாலிருந்து.

கொத்தனார் சிரித்தார். கிதிர் முகம்மது சிரிக்கவில்லை. "அப்போ வேலை முடியிற அன்னைக்குக் கடைசியா அடைச்சிருவோம்" என்றான். அவனுக்குச் சிக்கல் தீர்ந்துவிட்டது.

ஹாஜராவுக்குத் தீரவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து வெளி ஆணிடம் அவள் பேசியதில்லை. கதவிடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு, கொழுந்தனிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"தம்பி, குளிப்பறையப் பின்வாசப் பக்கம் கொண்டு போனா எம்புட்டு கூடும்னு கொத்தனார்ட்ட கேளுங்க."

கிதிர் முகம்மது கேட்க வேண்டியிருக்கவில்லை. கொத்தனார் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார். இங்கே ரெண்டு சுவர் ஏற்கெனவே இருக்கிறது, அங்கே நாலு சுவரும் புதுசு. கிணற்றிலிருந்து வாய்க்கால் வேறு. "தொண்ணூறு ரூவா கூடும் ஆச்சி. எண்ணூறுல ஒரு சல்லி மிச்சம் கெடையாது."

"தூணு நாலும் எம்புட்டு?"

"தொண்ணூத்தி ரெண்டு."

"அப்போ தூணு வேண்டாம். மரக்கால் நட்டுத் தாவாரம் எறக்கச் சொல்லுங்க. பழைய கட்டடத்து மரம் பொறவாசல்ல கெடக்கு."

"மதினி, அண்ணன் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒண்ணுதான். தெருவுல போறவன் தூணத்தான பாப்பான்."

"பாக்கட்டும். அவன் வந்து உம்மாவுக்குக் கஞ்சி ஊட்டப் போறதில்லலா."

அன்று சாயங்காலமே கிதிர் முகம்மது அண்ணனுக்குக் கடிதம் எழுதினான். தூண் இல்லாவிட்டால் வீடு மொட்டையாக நிற்கும், மதினி பிடிவாதமாக இருக்கிறாள் என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தான். ஒட்டுமுன் அவள் உறையை வாங்கி, அறபு லிபியிலான அறபுத்தமிழில் தன் கையால் எழுதிய ஒரு துண்டுத் தாளை உள்ளே வைத்தாள். அதில் நாலே வரி. கதவு எங்கே இருக்கிறது, அதன் வழியாக யார் போகிறார்கள், எத்தனை மணிக்குப் போகிறார்கள், உம்மா இப்போது எப்படி இருக்கிறாள்.

பதினோராம் நாள் பதில் வந்தது. கிதிர் முகம்மது தனக்கு எழுதிய பகுதியைச் சத்தமாக வாசித்தான். "அந்தச் சுவரில் கதவு இருந்தது எனக்கு ஞாபகமே இல்லை. எப்போது வைத்தார்கள்?" என்று கேட்டிருந்தார் மசூது.

"உங்க வாப்பாவப் பெத்த வாப்பும்மா காலத்துக் கதவுன்னு எழுதுங்க" என்றாள் ஹாஜரா.

குளிப்பறையைப் பின்வாசல் பக்கமே கட்டச் சொல்லியிருந்தார். தூணைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. அஸ்திவாரம் மட்டும் போட்டு வைக்க முடியுமா என்று கேட்கச் சொல்லியிருந்தார். கொத்தனாரிடம் கேட்டார்கள். நாலுக்கும் சேர்த்துப் பதினாறு ரூபாய் ஆகும் என்றார். கையில் மிச்சம் இருந்தது இரண்டு ரூபாய்.

மே 11ஆம் தேதி காலை பின்வாசல் பக்கம் குளிப்பறைக்கு அஸ்திவார வானம் தோண்டினார்கள். முன்வாசலில் ஆறு மரக்கால்கள் நடப்பட்டன. தூணுக்கு அஸ்திவாரம் போடவில்லை.